இறங்கினாரா, இறங்கினானா?

கோலசிலாங்கூர் தோட்டங்களைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்று உலகப் புகழ் பெற்றது என்று சொன்னால், புக்கிட் ரோத்தான் பசாரில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் யாரும் நம்பமாட்டார்கள். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்ற 'மலேசி' அது. எழுதியவர் ஆன்றி ஃபோகோனியே. 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்ட துரை. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கியதும் அவரே. பெஸ்தாரி ஜெயா சாலையின் இரு பக்கமும் இன்று நிற்கும் செம்பனைக் காட்டுக்கு அதுதான் தொடக்கம்.

நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பை. மனுஷன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். மலாய்க் கவிதை வடிவமான பந்துன்மேல் அவருக்கு இருந்த காதல் பொய்யில்லை. கதையை லெஸ்கால் என்ற வெள்ளைக்காரன் 'நான்' என்று சொல்கிறான். தோட்டத்துத் தமிழ்ப்பெண் பழனியாயி அவன் வாழ்க்கைக்குள் வருகிறாள். அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவன் கண்ணுக்குப் பட்டது மட்டுமே. லயத்துக்குத் திரும்பியதும் அவள் யாரிடம் என்ன சொன்னாள், யார் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த 'நான்' எட்டாத இடம். முதலில் படித்தபோது இது எனக்குக் கோபத்தைத் தந்தது. கதை எழுதிப் பழகிய பிறகு வேறொன்று பிடிபட்டது. லெஸ்கால் யார் என்பதை அவன் பார்த்தவற்றைவிட, பார்க்காமல் விட்டவைதான் நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. கதைசொல்லியின் குரலை வேலி என்று வைத்துக்கொண்டால், ஆளின் குணம் வேலிக்கு வெளியே நிற்பதில் தெரிகிறது.

குறியீட்டுக்கு வருவோம். 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து இன்றுவரை நம் தோட்டக் கதைகளில் பால் வடிக்கும் மரம் ரத்தம் சிந்தும் தொழிலாளியாகவே நிற்கிறது. எனக்கு இது அலுத்துவிட்டது. மரம் வெட்டியவர்களுக்கு மரம் அப்படி ஒன்றும் உருவகமாக இருந்ததில்லை. பட்டையை மட்டும் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டால் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்து அந்த நிரைக்கு வருகிறவர் அந்த முடிச்சின்மேல் உளியை ஓட்டத் திணறுவார். அவருக்கு முன் அங்கே வெட்டியவரின் அவசரமோ, அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையோ பட்டையில் அப்படியே கிடக்கும். அனுபவமுள்ள மண்டோர் மரத்தைத் தடவிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஒரு பெண்ணின் மனநிலையைச் சொல்ல இதைவிட நல்ல பொருள் எது? ஆனால் அதைப் பார்க்க மண்டோரின் கண் வேண்டும். துரையின் கண்ணுக்கு அது வெறும் நஷ்டக் கணக்கு. யார் கண்ணில் படுகிறது என்று தெரியாதவரை பொருள் குறியீடாவதில்லை.

பழைய தமிழ்க் கவிதையின் உள்ளுறையும் இப்படித்தானே! வயலும் மீனும் எருமையும் தம் பாட்டில் இருக்கும். பேசுகிறவள் தலைவியா தோழியா என்று தெரிந்த பிறகுதான் அவற்றில் குத்தல் ஏறும். பந்துனிலும் முதல் இரண்டு அடி ஏதோ செடியையோ படகையோ சொல்லிவிட்டுப் போகும். கருத்து பின்னால் வரும். இரண்டையும் ஒட்டவைக்கும் வேலை கேட்பவருடையது.

அப்படி ஒரு பொருள் எனக்கும் அகப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், போராட்டம் பரவியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் இருந்தன. கூடவே இன்னொன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்க வேண்டும். இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சைக்கிள் என்னை விடவில்லை.

அதை வைத்து ஒரு கதை எழுதினேன். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீட்டில் இருக்கும் கிழவர் ஒருவர். தினமும் சைக்கிளில் பசாருக்குப் போகிறார். ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் இறங்கி, தள்ளிக்கொண்டே நடக்கிறார். அது ஒரு விதவையின் வீடு. அவ்வளவுதான் கதை. யார் சொல்வது என்பதில்தான் இழுபறி. தமிழில் இது உடனே முடிவாக வேண்டிய விஷயம். வினைச்சொல் முடிவதற்குள் கதைசொல்லி எந்தப் படியில் நிற்கிறான் என்பது வெளிப்பட்டுவிடும். ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி சொன்னால் 'இறங்கினான்'. பேரன் சொன்னால் 'இறங்கினார்'. கிராணிக்குக் காரணம் எல்லாம் தெரியும், விளக்கியே கதையைக் கொன்றுவிடுவார். பேரனோ முதல் வரியிலேயே உருகிவிடுவான்.

கடைசியில் எதிர்வீட்டுக்காரியிடம் கதையைக் கொடுத்தேன். வாய் சும்மா இராதவள். "எறங்கிருச்சு பாரு கெழம்! தொர போயி எத்தன வருசம், இன்னும் அந்தப் பயம் போவல" என்று ஆரம்பிக்கிறாள். அவளுக்கு அது அடிமைப் பழக்கம், சிரிப்பு. ஆனால் வேவு பார்க்கிற கண் நிறையப் பார்த்துவிடும். விதவை கேட்டுக்கு வந்து கறுப்புக் காப்பி நீட்டுவதைப் பார்க்கிறாள். கிழவர் ஒரு கையில் ஹேண்டலைப் பிடித்தபடியே குடிப்பதையும், இருவரும் பேசாமலே நிற்பதையும் பார்க்கிறாள். விதவையின் புருஷன் அந்த வேலைநிறுத்த நாள்களில் இவருக்கு என்னவாக இருந்தார் என்பதை எங்கும் நான் எழுதவில்லை. எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது, ஆகவே கதைக்கும் தெரியாது. பாதிக்கதையில் 'கெழம்' போய் 'கெழவரு' வருகிறது. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் 'எறங்குறாரு' என்கிறாள். அவளே அதைக் கவனிக்கவில்லை. துரைக்குக் கட்டாயத்தால் இறங்கிய கால், யாருக்குத் தானாக இறங்குகிறது என்ற கேள்வி அந்த விகுதிக்குள் இருக்கிறது. பிழை திருத்தியவர் எல்லா இடத்திலும் 'இறங்கினார்' என்று சீராக்கி அனுப்பியிருந்தார். பழையபடியே போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கோலசிலாங்கூர் கதை என்கிறீர்கள், மின்மினி எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவது அழகுதான், மறுக்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து சோறு கட்டிப் பெரட்டுக்கு ஓடிய என் பாத்திரங்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கப் படகு ஏறியவர் இல்லை. படகோட்டியைக் கதைசொல்லியாக்கினால் மின்மினியும் வரும்.

இப்போது வேலைக்காட்டில் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அடுத்த கதையின் கதைசொல்லி அவர்களை மேய்க்கும் தமிழ் மண்டோர் ஒருவன். அவன் வாயில் அவர்களுக்கு 'வந்தான், போனான்' தவிர வேறு விகுதி வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, ஒரு காலத்தில் நம் ஆள்களைக் கிராணி பேசியது அப்படித்தான். இளைஞன் ஒருவன் செம்பனைக் குலைகளின் கணக்கு குறைகிறது என்று அரைகுறை மலாயில் கேட்கிறான். மண்டோர் உண்மையிலேயே கணக்கைக் குறைத்தானா இல்லையா என்பதை நான் முதலில் முடிவு செய்தாக வேண்டும். குறைத்திருந்தால், அந்தப் பக்கத்தை அவன் சொல்லப்போகும் விதமே வேறு.