மலை இறக்கத்தில் குதிரையோடு

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளை எம்மவரில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீவு முழுக்கச் சமதரை. அதனால் செங்குத்தான மலையில் குதிரை எப்படி இறங்கும் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியாகவே இருந்தது. தொழிற்சாலை விடுமுறையில் யேர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஒஸ்திரிய எல்லையோரம் இருக்கும் பாட் றைகன்ஹால் பக்கம் போனபோதுதான் அதைக் கண்டோம்.

பொன்னிற உடலும் வெண்பிடரியும் கொண்ட குதிரைகளோடு சிலர் காட்டுப்பாதையால் இறங்கி வந்தார்கள். ஒருவர்கூடக் குதிரைமேல் இல்லை! எல்லாரும் கயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்தார்கள். "குதிரை இருந்தும் ஏன் நடக்கினம்?" என்று எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்களோடு வந்த யேர்மன் வேலைத்தோழர் குதிரை பழகியவர். அவர் விளக்கினார். அவை ஹாப்லிங்கர் இனம். இன்று இத்தாலியிலுள்ள தென்திரோலின் ஹாப்லிங் கிராமத்தின் பெயரால் வந்தது. 1874இல் பிறந்த போலி என்ற ஆண்குதிரையே இவ்வினத்தின் மூலம். மலைக்கென்றே வளர்ந்த இனந்தான். ஆனாலும் சமதரையில் நிற்கும்போதே குதிரையின் பாரத்தில் நூற்றுக்கு 55 முதல் 60 வரை முன்னங்கால்களில்தான் இருக்கும். இறக்கத்தில் அது இன்னும் கூடும். ஆளும் மேலே இருந்தால் சேணம் முன்னே வழுக்கித் தோளை அழுத்தும். மூட்டும் தசைநாரும் நோகும். ஈரக்கல்லில் குளம்பு சறுக்கினால் இருவருக்கும் ஆபத்து.

அதே ஊரில் யேர்மன் இராணுவத்தின் சுமைவிலங்குப் பயிற்சி நிலையமும் உண்டு. ஹாப்லிங்கர் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மலையில் சுமை தூக்க, சிப்பாய்கள் கயிற்றைப் பிடித்து நடந்தே செல்கிறார்கள்.

இறக்கம் சிறிதாகவும் நிலம் உறுதியாகவும் இருந்தால் ஏறியே போகலாம். அப்போது நிமிர்ந்திருந்து, கடிவாளத்தைத் தளர்த்திவிட வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்திப் பாதை பார்த்துக் கால் வைக்கும். நடத்தும்போது கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. குதிரைக்கு முன்னால் ஒட்டி நடக்கவும் கூடாது. அது தடுக்கினால் எம்மேலே விழும்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இதை ஏன் சொல்கிறோம்? கோடையில் பிள்ளைகள் குதிரைச் சவாரிக்கு ஆசைப்படுவார்கள். சவாரி நடத்துபவர் பிள்ளையை இருத்தியபடியே சரிவில் இறக்கப் பார்த்தால், பாஷை தெரியாது என்று பேசாமல் நிற்காதீர்கள். "பிற்ற அப்ஷ்ரைகன்" என்றால் போதும். தயவுசெய்து இறக்குங்கள் என்று விளங்கிக்கொள்வார்கள். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. குதிரையை அறிந்தவர்கள் தாங்களும் இறங்கித்தான் நடக்கிறார்கள்.

போகும்போது கணுக்காலை மூடும் சப்பாத்து போட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது எப்படியும் நடக்க வேண்டிவரும்.