ஷ்டையரில் ஒரு பகல்

ஆஸ்திரியா போனவர்கள் வியன்னாவையும் சால்ஸ்பர்க்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் ஓட்டு ஷ்டையருக்கு. என்ஸ் ஆறும் ஷ்டையர் ஆறும் கூடுமிடத்தில் ஊர், மேலே லாம்பெர்க் கோட்டை. சதுக்கத்தில் பும்மெர்ல்ஹவுஸ் என்ற 15ஆம் நூற்றாண்டு வீடு, செங்குத்தான கூரையோடு நிற்கிறது.

இந்த அழகுக்கெல்லாம் காசு கொடுத்தது இரும்பு. எர்ட்ஸ்பெர்க் மலையில் வெட்டியெடுத்த இரும்பு என்ஸ் வழியே இங்கே வந்தது, வணிகர்கள் கொழித்தார்கள்.

1819இல் இசையமைப்பாளர் ஷூபர்ட் வந்தார். ஊர்ப் பிரமுகரும் செல்லோ வாசிப்பவருமான பாம்கார்ட்னர் கேட்டுக்கொள்ள உருவானதுதான் ‘ட்ரவுட்’ குவின்டெட். பாம்கார்ட்னருக்குப் பிடித்த ‘ட்ரவுட்’ மீன் பாட்டின் மெட்டை நான்காம் பகுதியில் ஷூபர்ட் விதவிதமாக விரித்திருக்கிறார். அதை ஹெட்போனில் கேட்டபடி ஆற்றோரம் நடந்தேன். கொஞ்சம் சினிமாத்தனம்தான், போகட்டும்!

ஆனால் இதே ஊரில் வெர்ண்டல் என்ற தொழிலதிபரின் ஆலை துப்பாக்கிகளைச் செய்து குவித்தது. 1942இல் நாஜிகள் மவுத்ஹவுசன் வதைமுகாமின் கிளையை இங்கே திறந்து, கைதிகளை ஆயுத ஆலையில் வேலை வாங்கினார்கள். சுற்றுலாக்காரர்கள் சதுக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். வேர்கிராபன் கால்வாய்ப் பக்கம் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் உழைப்பாளர் வாழ்வைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. போகிறவர்கள் அதற்கும் நேரம் வையுங்கள். லின்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.