சுவரில் தொங்கிய சான்றிதழ்

என் தம்பியை ஆறு வருஷம் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு. பெயர், தகப்பன் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டான். ஆள் இங்கே கம்பைநல்லூரில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போயிருப்பான்.

அது ஒரு மருந்துக் கடை. எந்தக் கடை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஒரு கடையைச் சொல்லி மற்றக் கடைகளைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை. 'சர்டிபிகேட் வாடகை' என்று இதற்குப் பெயர். டி.பார்ம். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரகசியமாக. வாடகைக்கு எடுத்தவன் மட்டுமல்ல, விட்டவனும் சட்டப்படி தப்பு செய்தவன். அதனால் வாய் திறக்க முடியாது. என் தம்பியும் தப்பு செய்தவன்தான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

2010இல் பிளஸ் டூ முடித்தான். 'கம்பவுண்டர் படிப்பு' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எங்கள் சேரியில் கம்பவுண்டர் என்றால் பாதி டாக்டர். டாக்டரைப் பார்ப்பது ஒரு நிமிஷம். என்ன எழுதினார் என்று நமக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகக் கை நீட்டி, "இது வெறும் வயித்துல, இது சோறு தின்னப்புறம்" என்று சொல்கிறவர்தான் நமக்கு வைத்தியர். சொன்னால். ஒன்றும் சொல்லாமல் கல்லின்மேல் போட்டுவிட்டு "அடுத்தாளு" என்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம்.

தனியார் கல்லூரி. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது, மூழ்கியது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற 92ஆம் எண் அரசாணை 2012 செப்டம்பரில் வந்தது. இவன் இரண்டு வருஷப் படிப்பை முடித்து வெளியே வந்த பிறகு. நம் வீட்டுக்கு எல்லாம் ஒரு பஸ் தாமதமாகத்தான் வரும்.

படிப்புக்குப் பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஐந்நூறு மணி நேரப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் இருக்கும்போதுதான் 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகள் எரிந்தன. அன்று ராத்திரி முழுக்க எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. அடுத்த வருஷம் மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு கடை கடையாக வேலை கேட்டு ஏறி இறங்கினான். கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டார். "சர்டிபிகேட்டக் குடு, மாசாமாசம் பணம் வந்துரும். நீ வரவேணாம். காலம் சரியில்ல தம்பி, கவுண்டர்ல நீ நின்னா யாவாரம் கெட்டுரும்." எங்கள் மாவட்டத்தில் மருந்துக் கடையில் இருப்பதும் கவுண்டர், கடைக்கு வருகிறவரும் கவுண்டர். எந்தக் கவுண்டர் முன்னால் நிற்கக்கூடாது என்று இவன் கேட்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை.

1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது என்கிறது. அந்தச் சட்டத்துக்குக் காட்டத்தான் என் தம்பியின் போட்டோ. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் கசிந்தால் போன் வரும். சூளையிலிருந்து ஓடி வந்து குளித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நிற்பான். அந்த ஒரு மணி நேரம் அவன் மருந்தாளுநர். கோட்டு கடைக்காரருடையது.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அதில் காத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் கடிதம் வருகிறது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்த கடிதம். பிள்ளை பெற்ற மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் தொட மறுக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுக்க, அதே வழியில் திரும்பிப் போகிறது. அந்தப் பெண் செத்துப்போனாள். எம்.ஏ. படிக்கும்போது அதைப் படித்து அழுதேன். அங்கே மருந்து வாங்குகிற உடம்பு தீட்டு. இங்கே மருந்து கொடுக்கிற கையே தீட்டு. கைக்குச் சொந்தக்காரனின் காகிதத்துக்கு மட்டும் தீட்டு இல்லை.

2019இல் ஆயாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காரி. மாதாமாதம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவாள். ஒரு தடவை குச்சிக்கிழங்கு பிடுங்கும் வேலை தொடர்ந்து இருந்தது, கூலியை விட்டுவிட்டு வரிசைக்குப் போக முடியவில்லை. பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். வழியில் எத்தனையோ மருந்துக் கடை. "எம் பேரன் போட்டோ மாட்டி வெச்சிருக்கிற கடைடி, வேற கடைக்கி எதுக்குப் போவணும்" என்று பின்னால் எங்களிடம் சொன்னாள்.

கடையில் இருந்தது எட்டாவது படித்த ஒரு பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் கூலிதான். பழைய அட்டையைக் காட்டியிருக்கிறாள். அதே மருந்து, இரட்டை அளவு கொண்ட மாத்திரையை எடுத்துப் போட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தின்னாமல் காட்டுக்குப் போனாள். ஒன்பது மணிக்கு வேர்த்துக் கொட்டி வரப்பில் விழுந்தாள். பல் கிட்டிக்கொண்டது. 108 வந்து தருமபுரிக்கு எடுத்துப் போய் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள்.

அட்டையைப் பார்த்ததும் தம்பிக்கு விளங்கிவிட்டது. அவன் பெயரில், அவன் பதிவு எண்ணின் கீழே, அவன் ஆயாவுக்கே போன மாத்திரை. ஆஸ்பத்திரி வராண்டாவில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். "நான் கடையில இருந்திருந்தா, தின்னியா ஆயான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேங்கா." அடுத்த வாரமே போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "இத்தினி வருஷம் சோறு போட்டேன்" என்றாராம் கடைக்காரர். விலகல் கடிதத்தை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு முழு நேரமாகச் சூளைக்குப் போனான்.

இதற்குப் பிறகுதான் அரசு வேலை என்பது எனக்குச் சம்பள விஷயமாக மட்டும் தெரியவில்லை. தனியார் கடையில் நம் காகிதத்துக்குத்தான் இடம். நம்மை உட்கார வைத்தே ஆக வேண்டிய ஒரே ஜன்னல் அரசு ஆஸ்பத்திரி ஜன்னல். ஆதிதிராவிடருக்குப் பதினெட்டு விழுக்காடு, 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு மூன்று. முன்பு வேலைவாய்ப்பு அலுவலக மூப்பு. 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2022இல் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது தம்பியும் எழுதினான்.

தமிழ்ப் பாடத்துக்கு நான்தான் வாத்தியார். என் எம்.ஏ. வீட்டுக்கு உபயோகப்பட்ட ஒரே சந்தர்ப்பம். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து மூன்றோடும் நாலாவதாக ஓர் ஆளைச் சேர்க்கிறது. உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் போகிறவன். "பக்கத்துல போறவனா? எங்கள எங்கக்கா பக்கத்துல விட்டாங்க" என்று சிரித்தான்.

தேர்வாகவில்லை. சூளையில் வேலை முடித்து ராத்திரி படித்தவன், கோச்சிங் சென்டரில் பகல் முழுக்க உட்கார்ந்து படித்தவர்களோடு ஓடினான். இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக இருக்கிறான்.

மாத்திரை எண்ணிக் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து வருகிற மருந்துக்குப் பாஸ்புக் கணக்கு. இருப்புப் பதிவேடு. காலாவதி முன்னால் வருவது முன்னால் போக வேண்டும். தடுப்பூசிப் பெட்டி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிற்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். பாம்புக்கடி மருந்து குறைந்தால் முதலில் தெரிய வேண்டியது இவனுக்கு. கரும்புக் காட்டில் கடிபடுகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மருந்து 'இல்லை' என்று ஆகிவிட்டால் வசவு வாங்குவதும் ஜன்னலில் இருப்பவன்தான், டாக்டர் அல்ல.

நிரந்தரமானாலும் ஏணி குட்டைதான். மேலே தலைமை மருந்தாளுநர். அந்த ஒரு படியைக் காண்பதற்குள் தலை நரைத்துவிடும். மருந்து ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் டிப்ளமோ போதாது, பட்டம் வேண்டும், அதற்குத் தேர்வாணையத் தேர்வு தனி. டிப்ளமோ வைத்திருப்பவர்கள் பி.பார்மில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். மூன்று வருஷம் கூலி இல்லாமல் வீடு தாங்க வேண்டும். கடைகளுக்குச் சோதனை போகிற அந்த நாற்காலியில் நம் பிள்ளைகள் உட்காராதவரை, வாடகைச் சான்றிதழ்கள் சுவரில்தான் தொங்கும். எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படியென்று சொல்லவில்லை. எங்களுக்குப் போன் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன்.

நான் உட்கார்ந்திருந்த அன்று ஊர்த் தெருவிலிருந்து ஒரு கிழவி வந்தாள். இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். மாத்திரையை நீட்டினான். கையை நீட்டாமல், "அப்பிடி வெய்யிடா" என்று கல்லைக் காட்டினாள். வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனோ அட்டையின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டான், அவள் எடுக்க முடியாதபடி.

"காலையில என்னா தின்ன?"

"டீ குடிச்சேன்."

"டீ பத்தாது. தின்னுட்டு அப்புறம் போடு. எப்ப போடுவ, சொல்லு?"

"தின்னுட்டு."

"இன்னொரு தபா சொல்லு."

அவள் சொன்னாள். விரலை எடுத்தான்.