மீனுக்கு ஷாக் அடிக்காது... கைக்கு அடிக்கும்!

கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘எந்த மீன்?’ அடுத்தது, ‘எவ்வளவு உப்பு?’ ‘எத்தனை பிளக் பாயின்ட் வேண்டும், அது எங்கே இருக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், வீட்டில் இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அதுதான்.

அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கல்லூரியில் படிக்கும் மகன், கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு மாதக்கணக்கில் அலைந்து, ஹாலில் ஒரு கடல் மீன் தொட்டி அமைத்தான். இரண்டு நீமோ மீன், ஓர் இறால், கொஞ்சம் பாறை. தங்கமீன் தொட்டி என்றால் சின்ன மோட்டாரோடு சமாளித்துவிடலாம். கடல் தொட்டி அப்படி இல்லை. கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற ஒரு பம்ப், அலை உண்டாக்க இரண்டு வேவ் மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்க ஸ்கிம்மர், லைட், சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், மழைக்கால இரவுகளுக்கு ஹீட்டர் என மொத்தம் ஏழு பிளக். சுவரில் இருந்ததோ ஒரே ஒரு பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று, தொட்டிக்கு அடியில் உள்ள கேபினெட்டுக்குள் வைத்தான். அங்கேதான் கீழ்த்தொட்டியும் இருந்தது.

மகன் காலேஜ் போனபிறகு கண்ணாடியில் படியும் பாசியைத் துடைப்பது அம்மாவின் வேலை. ஒருநாள், காய் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் கைவிட்டார். சுருக்கென்றது. உப்பு பட்டு எரிகிறது என்று விட்டுவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாள் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைவிட்டால் மறுபடியும் சுருக்.

“உப்புனா செருப்பு போட்டாலும் எரியணுமேடா?” என்று மாலையில் மகனிடம் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விஷயம் பிடிபட்டது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு சுலபமாக அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பம்பின் வயரில் சின்ன விரிசல் விழுந்தாலும், தொட்டித் தண்ணீர் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆனால், மீன்கள் நிம்மதியாக நீந்திக்கொண்டிருக்கும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காவின் கதைதான். அந்த மின்சாரம் தரைக்குப் போக மீன் வழியாக வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கைவிடும் மனிதர்தான் அந்த வழி. ‘மீனெல்லாம் நல்லாத்தானே இருக்கு’ என்று பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எலக்ட்ரீஷியன் வந்து கேபினெட்டைத் திறந்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தெறிக்கும் துளிகள் காய்ந்து காய்ந்து படிந்த உப்பு அது. பம்ப் வயர், கண்ணாடி விளிம்பில் மடங்கும் இடத்தில் வெடித்திருந்தது.

“போர்டுல எம்.சி.பி இருக்கே அண்ணா, அது விழுந்திருக்கணுமே?”

“அது வயரைக் காப்பாத்துறதுக்கு தம்பி. ஆளைக் காப்பாத்துறதுக்கு இல்ல” என்றார் அவர்.

கணக்கு எளிது. 16 ஆம்பியர் எம்.சி.பி என்றால், 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அதற்கு உறைக்கும். மனித இதயத்தை நிறுத்த சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஆளைக் காப்பாற்ற வேண்டியது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், வேறெங்கோ கசிகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பம்ப் மாற்றப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி வந்தது. எர்த் இணைப்பு சரிபார்க்கப்பட்டது. கேபினெட்டுக்குள் இருந்த பாக்ஸ் போய், தொட்டிக்குப் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் ஒரு போர்டு வந்தது. ஒவ்வொரு வயரும் பிளக்கை அடையும் முன் ஊஞ்சல் கயிறு போலக் கீழே தொங்கி, பிறகு மேலேறும்படி விடப்பட்டது. வயரில் வழிந்து வரும் தண்ணீர், தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். பிளக்குக்குப் போகாது.

அதோடு கதை முடியவில்லை. மூன்றாவது வாரம், நள்ளிரவில் ஆர்.சி.சி.பி விழுந்துவிட்டது. எல்லாரும் தூக்கம். பம்ப், வேவ் மேக்கர் எல்லாம் நின்று, தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துபோனது. காலையில் பார்த்தால் இறால் செத்துக் கிடந்தது. நீமோ இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“இதை எடுத்துட்டு நேரா லைன் குடுத்துடுங்கண்ணா” என்றான் மகன். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி கழற்றப்படுகிறது.

“இறால் போனா வேற இறால் வாங்கலாம்டா” என்றார் அம்மா. அதற்குமேல் மகன் பேசவில்லை.

எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்காமல் விட்டதில், தண்ணீர் மட்டம் இறங்கி, வெளியே தெரிந்த கண்ணாடி சூடேறி, புதுத் தண்ணீர் பட்டதும் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. ஆர்.சி.சி.பி காரணமில்லாமல் விழவில்லை.

மீனையும் காப்பாற்ற வழி இருந்தது. தொட்டிக்கு இரண்டு லைன், இரண்டு ஆர்.சி.சி.பி, தனித்தனி நியூட்ரல். பம்பும் லைட்டும் ஸ்கிம்மரும் ஒன்றில். வேவ் மேக்கர், ஹீட்டர், சில்லர் இன்னொன்றில். ஒன்று விழுந்தாலும் மற்றதால் தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும். இரண்டின் நியூட்ரலும், அல்லது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் கலந்துவிட்டால், கசிவே இல்லாமலும் ஆர்.சி.சி.பி விழும். கரன்ட் கட்டுக்காக, மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கினார்கள். இன்வெர்ட்டரில் பம்ப் ஓட்டுவதென்றால் சைன் வேவ் ரகம் நல்லது. ஸ்கொயர் வேவ் ரகத்தில் மோட்டார் உறுமும், சூடாகும்.

இப்போது அந்த வீட்டில் யார் தண்ணீரில் கைவிட்டாலும், முதலில் இரண்டு லைனும் ஆஃப் ஆக வேண்டும். மாதத்தின் முதல் தேதி, ஆர்.சி.சி.பி-யில் உள்ள டெஸ்ட் பட்டனை அம்மாவே அழுத்திப் பார்க்கிறார். ‘டக்’ என்று விழ வேண்டும். விழாவிட்டால், ஆர்.சி.சி.பி-யைச் சரிசெய்யும்வரை கண்ணாடி துடைக்கும் வேலை கிடையாது.