முதலில் திறந்த ஏடு



இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு உலகம் முழுவதுமே ஏடுகளாகத் தோன்றும். வந்த சரக்குக்கு ஓர் ஏடு. சென்ற சரக்குக்கு ஓர் ஏடு. வரவில் ஏறாத பொருள் செலவில் இறங்குவதில்லை. முன்னது வருகை, பின்னது செல்கை. இதுவே நாம் கற்ற முறை. இம்முறைக்கு மாறாக, செல்கை ஏடு முதலில் திறந்த இரண்டு இடங்களை நாம் அறிவோம். ஒன்று, மூணாற்றுக் குன்றின்மேல் நிற்கும் கிறிஸ்து ஆலயம். மற்றொன்று, நம் சொந்த வீடு. இவ்விரண்டையும் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகின்றோம். பிற சமயத்து அன்பர்களும் படிக்கும் இதழ் இஃது என்பதை மறந்தோமல்லோம். எவருடைய நம்பிக்கையையும் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. நமக்கு நேர்ந்ததைச் சொல்வதே கருத்து.

நம் பாட்டனார் போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். ஊரில் மழை பொய்த்துப் பிழைப்பும் பொய்த்தபோது, 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், போடிமெட்டு மலை ஏறி, பூப்பாறை கடந்து, சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கூலியாய்ச் சேர்ந்தார். அன்று அது திருவாங்கூர்-கொச்சி நாடு. 1956 நவம்பர் 1 முதல் கேரள நாடு. எல்லைக் கோடு மாறிற்று. லயத்து வாழ்வு மாறவில்லை. தலையில் கொங்காணி, காலில் அட்டைக்கடி, முதுகில் குளிர், சனிக்கிழமை மாலையில் கூலி. அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கூரையிட்ட ஒரு ஜெபவீடு உண்டு. பாட்டனார் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். ஆகவே கிறிஸ்தவப் பெயர் நமக்குப் பிறவிச் சொத்தாய் வந்தது. பெட்டியில் பூட்டிய பட்டுப்போல, அந்தச் சொத்தை வைத்திருந்தோமேயன்றி உடுத்தினோமில்லை.

பத்தாம் வகுப்புத் தேறியதும் பாலக்காட்டில் இருப்புப்பாதைத் துறையில் கடைநிலைப் பணியாளராய்ச் சேர்ந்தோம். பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். மணமும் முடிந்தது. மனைவி அடுத்த தோட்டத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கப்படி, 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மலைக்குச் சென்றாள். பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நாமும் ஓடினோம்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தை மலைநாட்டார் எவரும் மறவார். வானம் பிளந்துகொண்டு கொட்டிற்று. இடுக்கி மாவட்டத்தில் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்தது. குழந்தைக்கு எட்டாம் நாள் மூச்சுத் திணறல் கண்டது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழியில் பாதை இல்லை. செம்மண்ணும் மரமும் குவிந்து கிடந்தன. ஜீப்பை விட்டிறங்கி, குழந்தையை மார்போடு அணைத்து நடந்தோம். நாம் போய்ச் சேருமுன் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் தந்தையாரே குழி வெட்டினார். ஜெபவீட்டு உபதேசியார், கையில் அடக்கப் பதிவேட்டுடன், "தம்பி, பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று மெல்லக் கேட்டார். நாம் அன்று சொன்ன விடையை எழுதவே கை கூசுகின்றது. "போன சரக்குக்கு முகவரி எதற்கு?" என்றோம். அருகில் நின்ற நம் மனைவி அதைக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகள் நாம் வாழ்ந்தது வாழ்வன்று. மாலையில் அலுவலகம் விட்டால் கால்கள் வீட்டுக்குச் செல்லாமல் மதுக்கடைக்குச் சென்றன. சம்பளம் கடனுக்குப் போயிற்று. ஏட்டில் கூட்டல் பிழைத்தது, மேலதிகாரி இருமுறை எச்சரித்தார், அவர்மேல் குற்றமில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களோடு 70 உயிர்கள் மண்ணுண்டு போன செய்தி வந்தது. பெரும்பாலோர் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் மரபினர். அன்று இரவு முழுவதும் குடித்துவிட்டு, "கடவுளாம், கடவுள்!" என்று சுவரைப் பார்த்துச் சிரித்தோம். 2022 சித்திரையில் நம் மனைவி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தாய்வீடு சென்றாள். தடுக்க நமக்கு நா எழவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் தாயாருக்கு உடல்நலமில்லை என்று தகவல் வரவே சாந்தன்பாறை சென்றோம். அப்போது கள்ளிப்பாறை மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி மலர்ந்திருந்தது. எங்கெங்கிருந்தோ மக்கள் வண்டி வண்டியாய் வந்தனர். நமக்கு அதைப் பார்க்கவும் மனமில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த நம்மைத் தேடிப் பழைய உபதேசியார் வந்தார். வயது எழுபதைக் கடந்தவர். வேதம் ஒன்றும் பேசினாரில்லை; புத்திமதியும் கூறினாரில்லை. கக்கத்தில் துணி சுற்றிய பொதி ஒன்று இருந்தது.

"தம்பி, 2018 மழையில் ஜெபவீட்டுக் கூரை ஒழுகிப் பதிவேடுகள் நனைந்துவிட்டன. இன்னும் சில மழை போனால் எழுத்தே தெரியாது. எனக்குக் கண் மங்கிவிட்டது. நீ எழுத்து வேலை பார்ப்பவன். புது ஏட்டில் பெயர்த்து எழுதித் தருவாயா?" என்றார்.

மறுக்க ஒரு காரணம் தேடினோம், கிடைக்கவில்லை. மூன்று நாள் விடுப்பு மீதம் இருந்தது.

முதல் நாள் ஞானஸ்நான ஏடும் அடக்க ஏடுமாக இரண்டையும் அருகருகே விரித்து எழுதத் தொடங்கினோம். பெயர், தந்தை பெயர், தொழில். தொழில் பத்தியில் பக்கம் பக்கமாய் ஒரே சொல்: கூலி. மாலையில் உபதேசியார் கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மூணாற்று ஆலயத்தின் கதையைச் சொன்னார். ஹென்றி மேன்ஸ்ஃபீல்டு நைட் என்னும் ஆங்கிலத் தோட்ட மேலாளரின் இளம் மனைவி எலினார், 1894 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குச் சற்று முன்னர், வாந்திபேதியால் இறந்தார். அவர் விரும்பிய குன்றின்மேலேயே அடக்கம் செய்தனர். அந்தக் கல்லறையை ஒட்டியே இடுகாடு எழுந்தது. 1910இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1911இல் ஆலயம் திறக்கப்பட்டது. ஆகவே அத்திருச்சபையில் பிறப்பு ஏட்டுக்கு முன்னரே இறப்பு ஏடு திறந்தது என்பர். இன்று அங்கே தமிழிலும் வழிபாடு நடக்கின்றது. "முதலில் கல்லறை, பிறகுதான் கோயில் தம்பி. ஈஸ்டரும் அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இரண்டாம் நாள் மாலை தேவசகாயம் பிள்ளையின் வரலாறு. அவர் கத்தோலிக்கர், உபதேசியார் வேறு சபையார், ஆயினும் சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, கால்நடையும் செல்வமும் இழந்து மனமுடைந்திருந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குத் தலைவரான டச்சுக்காரர் டிலனாய், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் ஏடு பெயர்த்த அதே 2022ஆம் ஆண்டு மே 15 அன்றுதான் ரோமாபுரியில் அவர் புனிதரென அறிவிக்கப்பட்டார்.

"போன மாடுகள் திரும்பி வந்தனவா ஐயா?" என்று கேட்டோம். கேள்வியில் நஞ்சு இருந்தது.

"வரவில்லை தம்பி. இருந்ததும் போயிற்று, உயிரும் போயிற்று. ஆனால் அந்த மனிதர் பழைய மனிதராய்ச் சாகவில்லை" என்றார்.

அன்றிரவு நாம் குடிக்கவில்லை. மை கலங்கிய எழுத்தைப் படிக்கத் தெளிந்த கண் வேண்டியிருந்தது, காரணம் அவ்வளவுதான். மண்ணெண்ணெய் வாசம் மாறாத அந்தச் சிறு அறையில் அடக்க ஏட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினோம். 1953: ஆண் குழந்தை, வயது ஒரு மாதம். 1955: பெண் குழந்தை, வயது இருபது நாள். 1956: ஆண் குழந்தை, வயது மூன்று மாதம். மூன்றுக்கும் தந்தை பெயர் ஒன்றே. அது நம் பாட்டனார் பெயர். பிறகு ஞானஸ்நான ஏட்டைத் தேடினோம். 1958: நம் தந்தையார் பெயர்.

நெடுநேரம் எழுதுகோலைத் தொட்டோமில்லை. அப்பத்தா நம்மை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். சிரித்த முகமாகவே அவரை அறிவோம். மூன்று குழிகளைக் கண்டவர் அவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தாயாரிடம் கேட்டோம். "ஆமாம்ப்பா. நாலாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போகும்போது, இதையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று யாரோ கேட்டார்களாம். கொடுத்தவரிடம்தானே கொண்டுபோகிறேன் என்றாராம் உன் அப்பத்தா" என்றார். நாம் உயிரோடு இருப்பதே அந்த ஒரு நடையினால் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

மூன்றாம் நாள் பிற்பகல் அடக்க ஏட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம். 2018 ஆகஸ்டு. வயது: எட்டு நாள். தந்தை பெயர்: நம் பெயர். தொழில்: இருப்புப்பாதை எழுத்தர். உபதேசியார் கையொப்பம். பெயர்ப் பத்தி மட்டும் வெறுமை. அதற்குக் கீழே நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பெயர்கள் ஏறியிருந்தும், அந்த இடத்தை அவர் கோடிட்டு அடைக்காமல், பெண் குழந்தை என்று எழுதி முடிக்காமல், காத்து வைத்திருந்தார்.

ஏட்டை மூடிவிட்டு எழுந்தோம். ஒன்றரை மைல் தொலைவிலுள்ள மாமனார் வீட்டுக்கு நடந்தே சென்றோம். நம் மனைவி வாசலில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாய்?" என்று கேட்டோம். கையிலிருந்த காய்கள் சிந்தின. நான்கு ஆண்டுகளாய் மனத்துக்குள் மட்டும் அழைத்துவந்த பெயரை அன்று வாய்திறந்து சொன்னாள். அதன்பின் அழுதாள். நாமும் அழுதோம். இருவரும் சேர்ந்து அழுதது அதுவே முதல் முறை.

விளக்கேற்றும் நேரத்தில் இருவரும் ஜெபவீட்டுக்கு வந்தோம். அவள் அருகில் நிற்க, பழைய ஏட்டில் ஒருமுறையும் புதிய ஏட்டில் ஒருமுறையும் அந்தப் பெயரை எழுதினோம். பெயரை இங்கே எழுதோம். எழுதப்பட வேண்டிய இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. உபதேசியார் ஜெபித்தார். அவர் சொன்ன சொற்கள் நினைவில்லை. நாம் ஆமென் என்றது மட்டும் நினைவிருக்கின்றது. பிறவிச் சொத்தாய்ப் பெட்டியில் கிடந்த பட்டை அன்றுதான் எடுத்து உடுத்தினோம்.

அற்புதம் நிகழ்ந்துவிட்டதாக அன்பர்கள் கருதவேண்டா. குடி ஒரே நாளில் விடவில்லை, இருமுறை தவறினோம், மருத்துவரிடமும் சென்றோம். கடன் தீர இரண்டாண்டு ஆயிற்று. மறு குழந்தை இன்னும் இல்லை. விசுவாசம் மலையைச் சரியாமல் தாங்கும் தூண் என்று சொல்லத் துணியோம். பெட்டிமுடியில் மாண்டோரிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் கல்லறையோடு கதை முடிந்துவிட்டது என்று நாம் போட்ட கணக்குப் பிழையென்று அறிந்தோம். குழந்தையை இழந்தது நம் துயரம். அவள் பெயரையும் இழக்கச் செய்தது நம் குற்றம். துயரத்தை ஆண்டவர் நம்முடன் சுமந்தார்; குற்றத்தை மன்னித்தார். மன்னிக்கப்பட்டவனுக்கு மாலையில் வீட்டுக்குப் போகும் வழி தெரிகின்றது. புதுவாழ்வு என்று நாம் சொல்வது இதனையே.

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறி முடிப்போம். 1928இல் திறக்கப்பட்ட மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010ஆம் ஆண்டு இறுதியோடு வண்டி நின்றது. அகலப் பாதைக்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தனர். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போடி நிலையம் வண்டி காணாது கிடந்தது. இனி வராது என்றனர் பலர். 2023 ஜூன் 15 அன்று மீண்டும் வண்டி வந்தது. கள்ளிப்பாறைக் குறிஞ்சியும் அவ்வாறே. பூத்துக் காய்த்து உதிர்ந்தபின் செடி பட்டுப்போகும். மலை மொட்டையாய்த் தோன்றும். விதையோ மண்ணுக்குள் காத்திருக்கும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில், பெயர் சொல்லி அழாத துயரம் எத்தனையோ உண்டு. அத்தகைய வீடு உங்கள் தெருவில் இருக்குமாயின், புத்திமதியோடு செல்லவேண்டா. அந்த உபதேசியாரைப் போல ஒரு குவளைக் காப்பியோடு செல்லுங்கள். வெறுமையாய்க் கிடக்கும் இடத்தை அடைத்துவிடாமல் காத்திருங்கள். உரிய நாளில் உரியவரே வந்து எழுதுவார்.