அச்சு முறிந்த தேரும் ஒரு பழைய லாரியும்

ஆவடியிலிருந்து செங்குன்றம் செல்லும் வழியில் உள்ள வெள்ளானூரில் நாங்கள் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வயதானவர்களுக்குப் பின்னிரவில் உறக்கம் கலைவது இயல்பு. அவ்வாறு விழித்துக்கொள்ளும்போது, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் செல்லும் கனரக லாரிகளின் ஓசை காற்றோடு மிதந்து வரும். பன்னிரண்டு சக்கரம், பதினான்கு சக்கரம் கொண்ட பெரிய வண்டிகள். அந்த ஓசை காதில் விழுந்ததும் என் மனம் என் தந்தையார் பணியாற்றிய லாரி ஆபீஸுக்குப் போய்விடும்.

என் தந்தையார் வால்டாக்ஸ் சாலையில் ஒரு சிறிய லாரி நிறுவனத்தில் புக்கிங் குமாஸ்தா. அம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவார். பள்ளி விடுமுறை நாள்களில் சில முறை என்னையும் அழைத்துச் சென்றிருக்கிறார். சாக்கு மூட்டைகள், துணிப் பொதிகள், தகர டின்கள் எல்லாம் அங்கே கூரை முட்ட அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொதியின் மீதும் தூரிகையால் கறுப்பு மையில் குறி எழுதுவார்கள். சரக்கை ஒப்படைத்தவருக்கு ஒரு ரசீது தரப்படும். அந்த ரசீதைக் காட்டினால்தான் போய்ச் சேரும் ஊரில் சரக்கை எடுக்க முடியும். முன்பின் அறியாத ஓட்டுநரிடம் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொருளை ஒப்படைத்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி மக்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

தந்தையார் காலையில் பேரேட்டைத் திறந்ததும் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். பிறகுதான் தேதி. "சுழி போடாமல் எழுதினால் சரக்கு போய்ச் சேராதுடா" என்பார். அன்று அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்நாளில் நம் தமிழகத்தில் மோட்டார் தொழிலுக்கென்று சில பெயர்கள் இருந்தன. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்குவதற்காக வண்டிக்கு முன்னால் காந்தம் கட்டி ஓட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரி வாயுவில் வண்டிகளை இயக்கும் சாதனத்தையும் அந்த நிறுவனத்தார் செய்தார்கள். பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், பின்னாளில் ஏ.பி.டி. பார்சல் சர்வீஸாக வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. இவை பெரிய பெயர்கள். இவற்றின் நிழலில், ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைத்த சிறியவர்கள் எத்தனையோ பேர். என் தந்தையாரின் முதலாளியும் அப்படிப்பட்டவரே.

அந்தப் பழைய லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் முகம் மறக்காது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையின் 'காமெட்' வண்டிகள் ஒரு பக்கம். 1954 முதல் ஜெர்மானிய நிறுவனத்தின் கூட்டுறவோடு டாடாவினர் செய்த வண்டிகள் மறுபக்கம். அவற்றின் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம் இருந்ததால், எல்லோரும் 'பென்ஸ் லாரி' என்றே அழைத்தார்கள். மரத்தால் கட்டிய பாடி, முன்நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்ற பலகை. மேட்டில் வண்டி திணறி நின்றால், கிளீனர் பையன் கட்டையோடு குதித்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். ஓட்டுநரின் இருக்கைக்கு முன்னே சுவாமி படம், அதற்கு ஒரு முழம் பூ. புறப்படும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. லாரியின் உறுப்புகளில் பல இங்கேதான் உருவாயின. எண்ணூரில் சட்டமும் இயந்திரமும். பாடியில் வீல்ஸ் இந்தியாவின் சக்கரமும், லூகாஸ் டி.வி.எஸ்.ஸின் ஸ்டார்ட்டரும், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகியவற்றின் பிரேக்கும். அம்பத்தூர் டன்லப்பிலும் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப்.பிலும் டயர். பாடி என்பது ஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருவலிதாயம். திருவொற்றியூரோ மூவராலும் பாடப்பெற்ற தலம். தெய்வத் தலங்களின் எல்லைக்குள் உறுப்பு உறுப்பாகச் செய்யப்பட்டு ஒன்றுசேர்ந்த வண்டி என்று எண்ணும்போது, திரிபுரம் எரிக்கச் சிவபெருமான் ஏறிய தேர் நினைவுக்கு வரும்.

அந்தத் தேரும் உறுப்பு உறுப்பாக அமைந்ததுதானே! பூமி தேர்த்தட்டு. சூரிய சந்திரர் சக்கரங்கள். நான்கு வேதங்கள் குதிரைகள். பிரம்மதேவர் சாரதி. இத்தனை இருந்தும் தேர் புறப்பட்டதும் அச்சு முறிந்தது. முழுமுதற் பிள்ளையாரை முதலில் வணங்காததே காரணம் என்கிறது புராணம். அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம். இன்று அச்சரப்பாக்கம் என்கிறோம். திருச்சி நெடுஞ்சாலையில் மேல்மருவத்தூரை அடுத்து உள்ளது. சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. அச்சு முறித்த விநாயகரும் இருக்கிறார். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் தந்தையாரின் ஆபீஸிலிருந்த ஓட்டுநர் ஒருவர். "சாமி தேருக்கே ஆக்சில் போயிருக்கு தம்பி, நம்ம வண்டி எம்மாத்திரம்?" என்று சிரிப்பார். அந்த வழியே போகும்போதெல்லாம் அவர் அங்கே ஒரு தேங்காய் உடைப்பார்.

வளர்ந்து, பட்டம் பெற்று, 1980-இல் வங்கிப் பணியில் சேர்ந்தேன். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு, சிறு லாரி உரிமையாளர்களுக்குக் கடன் தருவது முன்னுரிமைக் கடன்களில் ஒன்றாகியிருந்தது. ஓட்டுநராக இருந்தவர் உரிமையாளராவதற்கு அது வழி திறந்தது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரும் ஏறும். தவணை முடியும்வரை வண்டி அவருடையது, பாத்தியதை எங்களுடையது.

1988-இல் நான் பணியாற்றிய கிளையில் அப்படி ஒருவர் கடன் வாங்கியிருந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். பதினைந்து ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிச் சேர்த்த பணத்தோடு எங்கள் கடனையும் சேர்த்து, ஏற்கெனவே ஓடிய டாடா லாரி ஒன்றை வாங்கினார். தொழிற்பேட்டை ஒன்றிலிருந்து திருச்சிக்கு வார்ப்பு இரும்புச் சாமான்கள் ஏற்றிச் செல்வார். வண்டிக்குள் நாமக்கல் ஆஞ்சநேயர் படம் மாட்டியிருந்தார். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தப் பதினெட்டடிப் பெருமானைப் பற்றிச் சொல்லும்போது, "எங்க சாமியும் எங்களை மாதிரி வெட்டவெளியிலதான் சார் நிக்கிறாரு" என்பார்.

ஒன்றரை ஆண்டு தவணை ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. ஐந்து தவணைகள் தவறின. இரண்டு நோட்டீஸ்கள் போயின. ஒருநாள் அவரே கிளைக்கு வந்தார். "உளுந்தூர்பேட்டை தாண்டி லோடோட ஆக்சில் கட்டாயிடுச்சு சார்..." என்று ஆரம்பித்தார். மாதக் கடைசி. என் மேஜையில் கணக்குப் புத்தகங்கள் குவிந்திருந்தன. "அதெல்லாம் இருக்கட்டும், பணம் எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்டேன். அவர் மேலே பேசவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வண்டியை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதியவன் நான்தான். அவர் ஓடி ஒளியவில்லை. சொன்ன நாளில் வண்டியைக் கழுவித் துடைத்துத் தாமே ஓட்டி வந்து நிறுத்தினார். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, பேட்டரி ஒன்று, தார்ப்பாய் ஒன்று, கயிறு இரண்டு என்று நான் பட்டியல் எழுதினேன். சாவியைக் கொடுக்கும் முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "சாமியை மட்டும் எடுத்துக்கறேன் சார்."

பட்டியலில் சாமி இல்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். படத்தைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியின் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

லாரி என்பது ஓடினால்தான் சொத்து. நின்றால் பழைய இரும்பு. ஏழு மாதங்கள் திறந்த வெளியில் நின்ற அந்த வண்டியின் டயர்கள் மண்ணில் புதைந்தன. பாடிப் பலகை மழையில் உப்பியது. ஏலத்தில் வந்த தொகை பாக்கிக்குப் போதவில்லை. மிச்சத்தை ஜாமீன் போட்ட அவருடைய மைத்துனர் கட்டினார். பிறகுதான் மற்றொரு செய்தி எனக்குத் தெரிய வந்தது. அவருக்கு மூன்று மாத வாடகையைத் தராமல் நிறுத்தி வைத்திருந்த தொழிற்சாலைக்கு எங்கள் கிளையிலேயே கணக்கு இருந்தது. நான் ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்திருக்கலாம். அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால்.

ஓய்வுபெற்று வீட்டிலிருந்த தந்தையாரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டி ஏன் நின்னுதாம்?" என்றார். "ஆக்சில் உடைந்ததாம்" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தவர், "ஆக்சில் ஒடிஞ்ச வண்டியை யாரும் ரோட்டிலேயே விட்டுட்டு வரமாட்டாங்கடா. எங்க ஆபீஸ்ல மாத்து ஆக்சில் கொடுத்து ஆளை அனுப்புவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்று இரவு அச்சிறுபாக்கத்துக் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். இறைவன் ஏறிய தேருக்கே அச்சு முறிந்தது. அங்கே யாரும் தேரைப் பறிமுதல் செய்யவில்லை. ஏன் முறிந்தது என்று சிவபெருமான் ஆராய்ந்தார். தம் பிள்ளையாயினும் முதல் வணக்கத்துக்கு உரியவர் என்று விநாயகரை நினைந்தார். அச்சு சரியாயிற்று, தேர் ஓடியது. குறை நேர்ந்த இடத்தில் முதலில் காரணத்தைக் கேட்பதும் ஒரு பிள்ளையார் சுழிதான். நான் அதைப் போடாமலே குறிப்பு எழுதிவிட்டேன்.

அதற்குப் பின் பணியிலிருந்த காலம் முழுவதும், தவணை தவறியவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி மாறிவிட்டது. "பணம் எப்போது?" என்பதற்கு முன் "வண்டி எங்கே நிற்கிறது? ஏன் நிற்கிறது?" என்று கேட்டேன். முடிந்தபோது நேரில் போய்ப் பார்த்தேன். தவணைகளை மாற்றியமைக்க விதிகளில் எப்போதும் இடம் இருந்தது. கேட்டவர்களுக்கே அது கண்ணில் பட்டது. எல்லோரும் கரையேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் என்னை ஏமாற்றவும் செய்தார்கள். ஆனால் பல வண்டிகள் மறுபடி ஓடின.

சில ஆண்டுகளுக்குப் பின் புதிய கார் வாங்கி, சென்ட்ரல் அருகே பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டு போனேன். புது வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சந்நிதி அது. அங்கே ஒரு பார்சல் லாரியின் பக்கத்தில் நரைத்த தலையோடு அவர் நின்றிருந்தார். என்னை முதலில் கண்டுகொண்டவர் அவரே. "நல்லா இருக்கீங்களா சார்? புது வண்டிங்களா?" என்றார். மீண்டும் பிறர் வண்டிக்கே ஓட்டுநராகியிருந்தார். இருக்கைக்கு எதிரே அதே ஆஞ்சநேயர் படம், ஓரம் மங்கிப்போய் இருந்தது.

நான் தயங்கித் தயங்கி, "அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை" என்றேன்.

"நீங்க ரூல்படிதான் செஞ்சீங்க சார். ஆனா அன்னிக்கு ஒரு அரை மணி நேரம் கேட்டிருந்தீங்கன்னா..." என்றவர் முடிக்கவில்லை. தட்டிலிருந்த விபூதியை எடுத்து என் கையில் வைத்தார். என் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்களை அவரே குனிந்து வைத்தார். "மெதுவா எடுங்க சார்" என்று கையசைத்து வழிகாட்டினார்.

சென்ற தை மாதம் குடும்பத்தோடு திருச்சி செல்லும் வழியில் அச்சிறுபாக்கத்தில் இறங்கினோம். விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஆட்சீஸ்வரர் சந்நிதியில் அவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யக் கேட்டுக்கொண்டேன். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். கடன் மனுவில் அவருடைய வயது, விலாசம், சொத்து விவரம் எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறேன். நட்சத்திரம் கேட்டதில்லை.

"தெரியவில்லை" என்றேன்.

"அதனால் என்ன, சுவாமி நட்சத்திரத்துக்கே பண்ணிவிடலாம்" என்று சொல்லி அர்ச்சனையைத் தொடங்கினார் குருக்கள்.