அக்காவும் எங்க ஊரு நர்சம்மாவும்

போன வாரம் பெரியம்மா மக வந்திருந்தாங்க. நர்சிங் காலேஜில் சமுதாய நலச் செவிலியம் நடத்தி, பேராசிரியையாக ரிட்டயர் ஆனவங்க. அவங்களைப் பத்தி எழுதணும்னா 1996லிருந்துதான் ஆரம்பிக்கணும்.

குறுவை அறுப்பு நேரம். களத்துல நெல்லுக்குக் காவலா அப்பா தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியக்காலம் வீட்டுக்கு வந்தவர், வயித்தை வலிக்குதுன்னு சுருண்டுட்டார். ராத்திரி தின்ன பழையதுதான் காரணம்னு அம்மா சுக்கு தட்டிப் போட்டாங்க. பெரியம்மா வீட்டுக்கு லீவுல வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாங்க. வயித்தைத் தொடவே இல்லை. "சித்தப்பா, கண்ணை நல்லா முழிங்க"ன்னாங்க. இமை பாதிக்கு மேல ஏறலை.

"தம்பி, வண்டிக்குச் சொல்லு. இது கட்டுவிரியன்."

உடம்புல கடிவாய் ஒண்ணும் தெரியலை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் அப்படித்தானாம். தூங்குற ஆளைக் கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. முதல்ல வயித்துவலி, அப்புறம் இமை இறங்கும், கடைசியா மூச்சு நிக்கும். அப்ப 108 ஏது? அம்பாசிடர் கார்ல தஞ்சாவூர் போனோம். விஷமுறிவு ஊசி, நாலு நாள் மூச்சு மெஷின். அப்பா அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார்.

இதைச் சொன்னா அக்காவுக்குப் பெருமை வராது, கோபம்தான் வரும். "நான் அன்னிக்கு லீவுல வந்தது தற்செயல். வரலைன்னா?" இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டேதான் வேலை காலம் முழுக்க ஓட்டினாங்க. பிள்ளைங்களை வார்டுலயே நிறுத்தாம கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வீடு வீடா ஏறி, யார் தரையில படுக்கிறாங்க, தண்ணி எங்கேருந்து வருது, மாசமா இருக்கறது யாருன்னு எழுதிட்டு வரச் சொல்வாங்க. பெரிய ஆஸ்பத்திரி வேலைன்னு கனவோட வந்த பொண்ணுங்க முணுமுணுக்குமாம். முணுமுணுக்கட்டும்னு விட்டுடுவாங்க.

இந்தத் தடவை எங்க கிராம சுகாதார செவிலியரும் திண்ணையில வந்து உட்கார்ந்தாங்க. கணக்குப்படி 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதின்னா 3,000 பேருக்கு. காகிதத்துல சரிதான். ஆனா எங்க ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற தெருவுக்குப் போகணும்னா பாலம் சுத்தணும். ஆளை எண்ணுறவன் ஆத்தை எண்ணலைன்னு அக்கா சொன்னாங்க. வாய்க்கால் பாசனம் பார்க்கிற எனக்கு அது உடனே புரிஞ்சுது. ஏக்கர் ஒண்ணா இருந்தாலும் கடைமடைக்குத் தண்ணி போற நேரம் வேற.

தடுப்பூசி, கர்ப்பிணி பதிவு, கம்ப்யூட்டர்ல ஏத்துறது, பிரஷர் மாத்திரைன்னு நர்சம்மா அடுக்கினாங்க. பதவி உயர்வுன்னா பகுதி சுகாதார செவிலியர், அதுக்கு மேல சமுதாய சுகாதார செவிலியர். அதுக்குள்ள தலை நரைச்சிடுதுன்னாங்க. அக்கா எதுவும் ஆறுதல் சொல்லலை. ஒரு நாள்ல நடக்கிறதுக்கு எவ்வளவு நேரம், எழுதறதுக்கு எவ்வளவு நேரம்னு ஒரு மாசம் குறிச்சு வைக்கச் சொன்னாங்க. "குறைன்னு சொன்னா கேட்டுட்டுப் போயிடுவாங்க. மணிக்கணக்காக் காட்டினா பதில் சொல்லியாகணும்."

நர்சம்மா கிளம்பும்போது என்கிட்ட ஒரு பழைய டைரி கேட்டாங்க. உரக்கணக்கு எழுதாம மிச்சம் கிடந்ததைக் கொடுத்தேன். அக்கா பின்னாடி களத்துக்குப் போய், காவலுக்குக் கட்டில் போட்டிருக்கேனான்னு பார்த்துட்டு வந்தாங்க.